மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்

எங்கள் ஆஸ்பத்திரி மீன்தொட்டியிலிருந்து இறக்கிய தண்ணீர் வாளிக்குள் விழுந்து பேச ஆரம்பித்தபோது நான் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பத்தொன்பதாம் நம்பர் டோக்கனை ஒரு பெரியவருக்கு நீட்டிக்கொண்டிருந்தேன், அவரிடம் டோக்கனைக் கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன், ஏனென்றால் அது பங்குனிக் கடைசி, உடுமலைப்பேட்டை வெயிலில் வெந்துகொண்டிருந்தது, எது பேசினாலும் கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு தெம்பு யாருக்கும் இல்லை. தண்ணீர் ஆண் குரலில் பேசியது. "முருகா, இவளும் புள்ளையும் நல்லபடியா வெளிய வந்தாப் போதும், பழனிக்கு நடந்தே வந்துர்றேன்" என்றது. பிறகு அது வெறும் தண்ணீராகிவிட்டது.

கூட்டிப் பெருக்கும் துளசியம்மாள், "யாரோ வாளிக்குள்ள செல்லைப் போட்டுட்டாங்க" என்று சொல்லிக் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். அழுகிய இலை இரண்டு அகப்பட்டது. அதற்குள் அது பெதப்பம்பட்டித் தறிக்காரர் குரல் என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். தை மாதம் அவர் மனைவிக்கு எங்களிடம்தான் பிரசவம் ஆனது, தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து மூன்று மணி நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார், பிள்ளை பிறந்ததும் சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனவர் பழனிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ஆள் விட்டுச் சொன்னோம். மறுநாள் விடிந்ததும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார், மூன்றாம் நாள் பஞ்சாமிர்தத்தோடு வந்து என் மேசையில் வைத்தார். நானும் ஒரு கரண்டி தின்றேன்.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறடி நீளம், நானூறு லிட்டர், காத்திருப்போர் நாற்காலிகளுக்கு நேர் எதிரே இரும்புத் தாங்கியில் உட்கார்ந்திருக்கும். அடியில் கறுப்பு மண், மண்ணில் நாடாவைப் போல நீண்ட புல்லும், உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்ட செடியும், ஒரு கிடைமட்டக் கட்டையில் ஒட்டி வளர்ந்த பாசியும், அவற்றுக்கு நடுவே சிவப்பும் நீலமுமாக நியான் மீன்கள் அறுபது. பிரசவத்திலிருந்து நெஞ்சுவலி வரை எல்லாவற்றுக்கும் எங்களிடம்தான் வருவார்கள் என்பதால், சுற்றுவட்டாரத்தில் அந்தத் தொட்டியைப் பார்த்தபடி ஒரு மணி நேரமாவது உட்காராத குடும்பம் கிடையாது. டாக்டர் ஞானாம்பிகை அம்மா சுவரில் தொங்கிய சாமி காலண்டரை எடுத்துவிட்டு இதை வைத்தபோது, நோயாளிகள் எங்கே பார்த்துக் கும்பிடுவார்கள் என்று நான் சண்டை போட்டேன். இதைப் பார்த்துத்தான் கும்பிட்டார்கள்.

தொட்டியைப் பராமரித்தவர் திருமூர்த்தி அண்ணன். ஒன்பது வருடமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் பத்து மணிக்கு வருவார், கையைச் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவுவார், செல்போனைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைப்பார், முழங்கை தாண்டி இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டுவிட்டால் பிறகு வீட்டில் இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. பழுத்த இலையை நறுக்குவார், கண்ணாடியில் படிந்த பாசியைப் பழைய அட்டையால் சுரண்டுவார், குழாயை உள்ளே விட்டு மண்ணின் மேல் கிடக்கும் கழிவை உறிஞ்சி வாளியில் இறக்குவார். கண்ணாடியின் ஓரத்தில் நீல டேப் ஒட்டியிருப்பார், தண்ணீர் அந்த நீல டேப்புக்கு வந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம், அங்கே நிறுத்தி, குளோரின் வாடை போக ஒருநாள் டிரம்மில் நிறுத்திய புதுத் தண்ணீரை, மண் கலங்காதபடி, தொட்டிக்குள் ஒரு எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டை ஏந்திப் பிடித்து அதன் மேல் ஊற்றுவார். ஏன் முழுசையும் மாற்றக் கூடாது என்று ஒருமுறை கேட்டேன். "பழைய தண்ணிக்குள்ளதான் உசுரு இருக்குதம்மிணி, கண்ணுக்குத் தெரியாத உசுரு, அதுதான் அழுக்கத் தின்னு மீனக் காப்பாத்துது, மூணுல ரெண்டு பங்கு எப்பவும் நிக்கோணும்" என்றார். தண்ணீரைச் சுத்தம் பண்ணும் எந்திரத்துக்குள் இருக்கும் பஞ்சையும் அப்படித்தான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும், அதுவும் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து கழுவுவார், குழாயடிக்குக் கொண்டுபோக விடமாட்டார்.

இவ்வளவு தெரிந்தவரின் வீட்டில்தான் அது நடந்தது. மாசி மாதக் கடைசியில் அவருக்கு முட்டிவலி வந்து குனிய முடியாமல் கிடந்தார், பிறகு ஒருநாள் எப்படியோ எழுந்து நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனார், அவர் போன பிறகு அவர் மனைவி வசந்தாமணி அக்கா, திரும்பி வந்து வீட்டுத் தொட்டிக்கும் மனுஷன் குனியக் கூடாதே என்று நினைத்து, மீன்களைக் குண்டானில் பிடித்துப் போட்டுவிட்டு, தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வாசலில் ஊற்றி, கண்ணாடியையும் கல்லையும் பஞ்சையும் பாத்திரம் விளக்கும் சோப்புப் போட்டுப் பளபளவென்று தேய்த்து, குழாயைத் திறந்து புதுத் தண்ணீர் நிரப்பி, மீன்களை விட்டுவிட்டு, அவர் வரும் நேரத்துக்குத் தொட்டி விளக்கைப் போட்டு வைத்திருந்தார். ஒன்பது வருடம் வளர்த்த மீன்கள். அவர் வந்து பார்த்தபோது எல்லாம் மேலே மிதந்தன. திருமூர்த்தி அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை, சாப்பிடக் கூப்பிட்டால் பக்கத்து மெஸ்ஸுக்குப் போனார், பதினோரு நாள் அந்த வீட்டில் ஒருத்தர் பேசினார், இன்னொருத்தர் பேசவில்லை. என்னைக் கேட்டால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்று சொல்லுவேன், அவ்வளவு கோபம் எனக்கு அவர் மேல் அப்போது இருந்தது.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. வசந்தாமணி அக்கா தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார், வாயுப் பிடிப்பு என்று சொல்லித்தான் டோக்கன் வாங்கினார், தொட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். "அவரு இந்தப் பக்கம் வந்தாருங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். அன்றைக்குக் கூட்டம் அப்படி, மூன்றாம் முறை கேட்டபோது நான் என்ன சொன்னேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை, தொட்டியைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், உதடு அசைந்ததைப் பார்த்தேன், காதில் விழவில்லை. அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். டாக்டரம்மா ஓடி வந்து செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார், இருதயம் கேட்கவில்லை. நான் திருமூர்த்தி அண்ணனுக்கு நான்கு முறை போன் அடித்தேன், அவர் மடத்துக்குளம் கல்யாண மண்டபத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு நின்றிருந்தார். சுடுகாட்டிலிருந்து வந்து வீட்டைக் கழுவியபோது, அடுப்படியில் இட்லிக்கு ஊறப்போட்ட அரிசி பொங்கிப் புளித்து நாற்றமெடுத்துக் கிடந்ததாகவும், அக்கம்பக்கத்தார்தான் எடுத்துக் கொட்டியதாகவும் துளசியம்மாள் சொன்னார்.

காரியம் முடிந்து அண்ணன் வேலைக்குத் திரும்பிய முதல் செவ்வாய்க்கிழமைதான் தண்ணீர் பேசியது. இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று யாரும் ஆராயவில்லை. தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து ஜனங்கள் சொன்னதையெல்லாம் தண்ணீர் வாங்கி வைத்திருந்தது, இறக்கும்போது திருப்பிக் கொடுத்தது, ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லவில்லை. ஒரு கல்லூரி வாத்தியார் சீசா எடுத்துக்கொண்டு வந்து நிரப்பிப் போனார், அவர் வந்து சேர்வதற்குள் அந்த வாளி பேசி முடித்திருந்தது, ஒரு மாதம் வீட்டு மேசையில் வைத்துக் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டாராம்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் பெரிய கதை. முதல் மாதம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். தளி ரோட்டுப் பெரிய வீட்டு அண்ணன் தம்பி இருவரும் அப்பாவை ஐசியுவில் போட்டுவிட்டு வெளியே உட்கார்ந்து, "எப்பத்தான் முடியுமோ, வெதைக்கிற நேரத்துல இழுத்துட்டுக் கெடக்குறாரு" என்று பேசிக்கொண்டது வாளியிலிருந்து இருபது பேர் முன்னால் வந்தது, அப்பா பிழைத்து வீட்டில் இருந்தார், பிள்ளைகள் பத்து நாள் தலைகாட்டவில்லை, கடைசியில் அந்தப் பெரியவரே தடியை ஊன்றிக்கொண்டு வந்து, "எங்கப்பனுக்கு நானும் அதையேதாஞ் சொன்னேன், வேலை கெடக்குது, வரச் சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா வாளியைப் பின்கட்டுக்கு, செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னார், குழாயை ஜன்னல் வழியாக நீட்டினோம். தானாகவே சில வழக்கங்கள் வந்தன. கேட்க வருபவர்கள் செருப்பைக் கழற்றினார்கள், யாரும் சிரிக்கவில்லை, குரலுக்குரிய ஆள் அங்கே இல்லாவிட்டால் தகவல் மட்டும் போனது, கேட்டதை வாசலைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்றானது, கொண்டுபோன இரண்டொருவரிடம் ஊர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசி முடித்த தண்ணீர் செம்பருத்திக்குப் போனது. கூடத்திலும் மாற்றம் வந்தது, நோயாளியோடு வந்தவர்கள் சண்டையை வராந்தாவுக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள், தொட்டி முன்னால் நல்ல சொல்லாகச் சொன்னார்கள், சிலர் ஒன்றுமே சொல்லாமல் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

கணியூரிலிருந்து மல்லிகா என்ற பெண் செவ்வாய் தவறாமல் வருவாள். அவள் மகன் ஏழு வயதில் காய்ச்சலில் போனவன், அதற்கு முந்தின ஐப்பசியில் எங்களிடம் எட்டு நாள் இருந்தான், சக்கர நாற்காலியில் வைத்துத் தொட்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவோம். சித்திரையில் ஒரு வாளி அவன் குரலில், "அம்மா, அந்தச் செவப்பு மீனுக்குப் பேரு என்னம்மா?" என்றது. மல்லிகா திருமூர்த்தி அண்ணனிடம் திரும்பி, "அது என்ன மீனுங்ணா? அன்னைக்கு எனக்குத் தெரியாதுன்னு சொல்லிப்போட்டேன்" என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் வாளிக்கு மேல் குனிந்து, "நியான், சாமி" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அவன் ஏதாவது ஒன்று கேட்டான், அதைக் கேட்கத்தான் அவள் இரண்டு பஸ் மாறி வந்தாள்.

திருமூர்த்தி அண்ணன் எதற்காகக் காத்திருந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு வாளியையும் இறக்கிவிட்டுப் பக்கத்தில் மண்டிபோட்டுத் தலையைச் சாய்த்து நிற்பார். யார் யாரோ பேசினார்கள். அவர் மனைவி பேசவில்லை. வாரம் போகப் போக அவர் முகம் சுண்டிக்கொண்டே வந்தது, ஆடி மாதம் பிறந்தபோது என் மேசைக்கு வந்து கணக்குச் சொன்னார். "மூணுல ரெண்டு பங்கு நிக்கும், அதுல மூணுல ரெண்டு பங்கு அடுத்த வாரம் நிக்கும், பதினஞ்சு வாரம் ஆச்சு. அன்னைக்கு அவ பாத்துட்டிருந்த தண்ணி நானூறு லிட்டருங்க அம்மிணி. இன்னைக்கு ஒரு சொம்புதான் மிச்சம் இருக்கும். அடுத்த மாசம் அதுவும் இருக்காது."

"என்ன பண்ணப் போறீங்கண்ணா?" என்றேன்.

"பூராத்தையும் எடுத்துப் பாக்கறேன். அவ திட்டியிருந்தாலும் சரி. என்னைய நெனச்சாளா, வெறுத்துட்டுப் போனாளான்னு தெரிஞ்சா அதுபோதும்."

முழுசும் எடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாததா. மண் கலங்கும், கண்ணுக்குத் தெரியாத உயிர் சாகும், மீன் பிழைத்தால் பிழைக்கும், புதுத் தண்ணீர் பழைய தண்ணீராக நாற்பது ஐம்பது நாள் ஆகும், மற்றவர்கள் விட்டுப்போன சொல்லெல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிடும். டாக்டரம்மாவிடம் கேட்டார், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "உங்க தொட்டி, திருமூர்த்தி" என்றார். செய்தி பரவி ஊரே சம்மதம் சொன்னது, பெதப்பம்பட்டித் தறிக்காரர், தளி ரோட்டுப் பெரியவர், எல்லோரும். மல்லிகாவிடம் அவரே போய் நின்றார். அவள், "எடுங்கண்ணா, அவன் எனக்கு ஆறு தடவை பேசிட்டான். அக்கா ஒருக்காக்கூடப் பேசலியே" என்றாள். ஒருத்தராவது வேண்டாம் என்று சொல்லமாட்டார்களா என்று நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அந்தத் தண்ணீருக்குள் நானும் இருந்தேன்.

பதினாறாவது செவ்வாய்க்கிழமை பின்கட்டில் ஏழு வாளியும் இரண்டு டிரம்மும் நின்றன. மல்லிகா முதல் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் அவளுக்குப் பின்னால் நின்றேன், திருமூர்த்தி அண்ணன் உள்ளே தொட்டியருகில் குழாயைப் பிடித்திருந்தார். முதல் இரண்டு வாளியும் வழக்கம்போல் மெல்லப் பேசின, ஒரு பெண் தன் நகையை யாரிடம் கொடுத்து வைத்திருக்கிறாள் என்றாள், ஒரு கிழவர் எம்ஜிஆர் காலத்துக் கூத்தில் தான் போட்ட வேஷத்தைச் சொன்னார். தண்ணீர் நீல டேப்புக்கு வந்தது. ஒன்பது வருடமாக அங்கே நிற்கும் கை அன்றைக்கு நிற்கவில்லை. டேப்புக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியபோது வாளிக்குள்ளிருந்து என் குரல் வந்தது. "எத்தனை வாட்டிம்மா கேப்பீங்க? வந்தாச் சொல்ல மாட்டமா? சும்மா உக்காருங்க." தெளிவாக, மேசையைத் தட்டிய சத்தம் உட்பட வந்தது. திருமூர்த்தி அண்ணன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"அக்கா மூணு தடவை கேட்டாங்கண்ணா," என்றேன். "நான்தான் எரிஞ்சு விழுந்தேன். அப்புறம் அவங்க என்கிட்ட எதுவும் கேக்கல." இதைச் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆனது, வெட்கமாக இருந்தது, அழுதுவிட்டேன்.

அவர் இன்னொரு குழாயை எடுத்துத் தொட்டிக்குள் விட்டார். இரண்டு குழாயிலும் தண்ணீர் வேகமாக ஓடியது, வேகம் கூடக் கூடக் குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன, வேண்டுதலும் வசவும் தாலாட்டும் நம்பர் கூப்பிடும் சத்தமும் கலந்து சந்தைக்கடை இரைச்சலாகி ஒரு சொல்கூடப் பிரித்துக் கேட்க முடியவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவே மல்லிகா சட்டென்று எழுந்தாள். வாளியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவனாகத்தான் இருந்திருக்க வேண்டும், என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை, கேட்பதற்குள் போய்விட்டது. நிறுத்துங்கள் என்று அவள் சொல்லவில்லை. கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

திருமூர்த்தி அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். செடிகள் மண்ணில் சாய்ந்து படுத்திருந்தன, நான்கு விரல் ஆழத்துக் கலங்கல் தண்ணீரில் அறுபது நியான் மீன்களும் ஒருக்களித்துக் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வசந்தாமணி அக்கா அன்றைக்கு விளக்கைப் போட்டுவிட்டு ஒவ்வொரு மீனாக மேலே வருவதைப் பார்த்து நின்றது அப்போதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார். இரண்டு குழாயையும் கட்டை விரலால் அடைத்தார். இரைச்சல் நின்றது.

கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். "மணி," என்றார். அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிடுவாராம். "மீனுக்கு வாயிருந்தும் பேசத் தெரியாது. எனக்கென்ன கேடு வந்துச்சு, பதினோரு நாளு. நீ எம்பட முட்டிவலிக்காகப் பண்ணுன. தெரிஞ்சேதான் பேசாம இருந்தேன் மணி. மீனு போனா வாங்கிக்கலாம்."

டிரம்மிலிருந்த தண்ணீரை நாங்கள் எல்லோரும் சேர்ந்து மொண்டு கொடுத்தோம். முதலில் எடுத்த பழைய தண்ணீரில் கொட்டாமல் மிச்சமிருந்ததையும் திரும்ப ஊற்றச் சொன்னார், பேசி முடித்ததானாலும் உயிர் அதற்குள் இருக்கும் என்றார். எவர்சில்வர் தட்டை ஏந்திப் பிடித்துக்கொண்டு அதன் மேல் மெல்ல மெல்ல ஊற்றினார், தண்ணீர் நீல டேப்பைத் தாண்டி ஏறியது, மீன்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன, நான்கு மட்டும் நிமிரவில்லை. ஆனால் எந்திரத்திலிருந்து தண்ணீர் வரவில்லை. கலங்கிய மண் பஞ்சை அடைத்துவிட்டது. தை மாதம் கழுவிய பஞ்சு, ஆடியில் எப்படியும் கழுவ வேண்டியது. பஞ்சை வெளியே எடுத்து, கடைசி வாளியில் இருந்த பழைய தண்ணீருக்குள் முக்கி, இரண்டு கையாலும் பிழிந்தார்.

பஞ்சு வசந்தாமணி அக்கா குரலில் பேசியது.

"ஏ மீனுங்களா, செவ்வாக்கெழமை அவரு வருவாருல்லொ, உங்ககிட்டயாச்சும் பேசுவாரு. நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க. சோப்புப் போட்டது தப்புத்தான், அவரு குனிய வேண்டாம்னு பண்ணிப்போட்டேன். கோவம் தீர்ற அன்னைக்குத் தீரட்டும், அதுக்கென்ன. இட்லிக்கு அரிசி ஊறப்போட்டுருக்கறேன், பொழுதோட ஆட்டி வெக்கச் சொல்லுங்க. மெஸ்ஸுல எண்ணெய் சேராது அவருக்கு. பேசாட்டிப் போகுது, வூட்டுல சாப்புடச் சொல்லுங்க."

அவர் பிழிந்த பஞ்சைக் கையில் வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். மல்லிகாதான் அதை வாங்கி எந்திரத்துக்குள் திரும்ப வைத்தாள், எப்படி வைப்பது என்று அவர் அழுதுகொண்டே சொல்லிக்கொடுத்தார். துளசியம்மாள் தன் டிபன் பாக்ஸைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அவர் அந்த எவர்சில்வர் தட்டை ஈரத்தோடு எடுத்து வைத்துக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பஞ்சில் ஒரு துண்டை நறுக்கி எடுத்துப் போய் வீட்டுத் தொட்டியை மறுபடி ஆரம்பித்தார், அதில் இப்போது பதினோரு மீன் இருக்கிறது. ஆஸ்பத்திரித் தண்ணீர் இரண்டு மாதம் ஊமையாக இருந்து பிறகு பழையபடி பேசத் தொடங்கியது, நீல டேப்புக்குக் கீழே யாரும் போகச் சொல்வதில்லை. மல்லிகாவுக்கு அவள் மகன் மறுபடி பேசவில்லை, ஆனாலும் வருகிறாள், அவன் கேட்டிருக்கக்கூடியதையெல்லாம் நினைத்துப் பார்த்து ஒவ்வொரு செடியின் பேரையும் அவனுக்குச் சொல்லிவிட்டுப் போகிறாள். நான் யாரையும் சும்மா உட்காரச் சொல்வதில்லை, எத்தனை முறை கேட்டாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

நேற்றும் செவ்வாய்க்கிழமைதான். பத்து மணிக்குத் திருமூர்த்தி அண்ணன் வந்தார், கையைக் கழுவினார், வாரா வாரம் செய்வதுபோல் முதலில் தொட்டிக்கு எதிரே வசந்தாமணி அக்கா உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரிடம் இரண்டு வார்த்தை சொன்னார், பிறகு எழுந்து குழாயை உள்ளே விட்டார். வாளிக்குள் அவர் குரலே விழுந்தது, போன வாரம் சொன்னதும் அதற்கு முந்தைய வாரம் சொன்னதும் ஒன்றன்பின் ஒன்றாக, "சாப்புட்டன் மணி", "சாப்புட்டன் மணி" என்று. தண்ணீர் நீல டேப்புக்கு வந்ததும் நிறுத்தினார். மிச்சம் இரண்டு பங்கு தொட்டிக்குள்ளேயே இருந்தது.